மறக்கிறான் என்பதற்காக சயன்ஸை விட்டுவிடாதீர்கள்

வணக்கம் அம்மா. நீங்கள் மகனோடு வந்து போன பிறகும் அந்த வேதியியல் நோட்டு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. பொட்டாசியம், சோடியம், கால்சியம், மெக்னீசியம், அலுமினியம், துத்தநாகம், இரும்பு. இதையே ஒரு பக்கம் முழுக்க 11 முறை எழுதியிருந்தான். நோட்டை மூடிவிட்டுக் கேட்டால் முதல் இரண்டும் கடைசி ஒன்றும்தான் வந்தன. "ஞாபகசக்தியே இல்லை, எச்.எஸ்.சி. மேல்நிலைப் படிப்பில் அக்கவுண்ட்ஸ் எடுக்கட்டும்" என்றீர்கள். அவசரப்படாதீர்கள்.

முதலும் கடைசியும் நின்று நடுவில் உள்ளவை நழுவுவது எல்லோருக்கும் நடப்பதுதான். முதலில் வருவதை மனதுக்குள் சொல்லிப் பார்க்க நேரம் கிடைக்கிறது. கடைசியில் வந்தது இன்னும் காதிலேயே இருக்கிறது. ஒரே நேரத்தில் மனதில் நிற்பது ஏறக்குறைய ஏழு விஷயங்கள் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். 2001-இல் இன்னொரு உளவியலாளர் நெல்சன் கோவன் அதை நான்கு என்றே குறைத்துவிட்டார்.

அதே பையனிடம் நம் மொரீஷியஸ் மெட்ரோ ரயில் போர்ட் லூயிஸிலிருந்து போகும் ஊர்களைக் கேட்டேன். போ பாசேன், ரோஸ் ஹில், காத்ர் போர்ன், பீனிக்ஸ், வாக்வா, கியூர்பிப் என்று தடுக்காமல் சொன்னான். அந்த ஊர்களுக்கு நடுவே தண்டவாளம் ஓடுகிறது. அவனுடைய ஏழு உலோகங்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லை, வெறும் பெயர்கள்.

1969-இல் பவர், கிளார்க் என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்குப் பத்துப் பத்துச் சொற்களாக 12 பட்டியல்கள் கொடுத்தார்கள். கதையாகக் கோத்துப் படித்தவர்கள் பின்னால் 93 விழுக்காடு சொன்னார்கள். சும்மா படித்தவர்கள் 13 விழுக்காடுதான்.

வேதியியலில் கதை கட்டக்கூட வேண்டாம், தண்டவாளம் உள்ளேயே இருக்கிறது. பொட்டாசியத்தைத் தண்ணீரில் போட்டால் இளம் ஊதாச் சுடரோடு எரியும். சோடியம் உருகி உருண்டையாகி ஓடும். கால்சியம் குமிழி விடும். மெக்னீசியத்துக்குக் கொதிநீராவி வேண்டும். இரும்போ மெல்லத் துருப்பிடிக்கும். வினைபுரியும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது, அவ்வளவுதான் அந்த வரிசை. இதைச் சொன்னதும் அவன் நோட்டைத் தள்ளிவிட்டு, "அப்போ துத்தநாகம் இரும்புக்கு மேலேதானே?" என்று தானே கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி போதும்.

இனி 11 முறை எழுத விடாதீர்கள். ஒருமுறை புரிந்து படிக்கட்டும், நோட்டை மூடி எழுதிப் பார்க்கட்டும். மறுநாள் ஒருமுறை, அப்புறம் நான்கைந்து நாள் கழித்து ஒருமுறை. பாட விருப்பப் படிவத்தை இப்போதைக்கு நிரப்ப வேண்டாம். இரண்டு வாரம் கழித்து அவனைக் கூட்டி வாருங்கள், செய்முறை நோட்டையும் எடுத்து வரட்டும்.