பாண்டு தொகை பிறகு, முதலில் சான்றிதழைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: மெஷின் டிசைன் வேலை எடுத்துச் செய்யும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். சென்ற ஆண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்து, கேம்பஸ் தேர்வு நடத்தி, இன்ஜினீயரிங் முடித்த 11 ஃப்ரெஷர்களை எடுத்தோம். மாதம் 18,000 ரூபாய் சம்பளம், 2 ஆண்டு பாண்டு. இடையில் போனால் 2 லட்சம் தர வேண்டும். ஒரிஜினல் டிகிரி சான்றிதழையும் தேதி போடாத செக் ஒன்றையும் வாங்கி வைத்தோம். தலைக்கு 46,000 ரூபாய் கட்டி வெளியே பயிற்சிக்கு அனுப்பினோம். அதில் ஒரு பையன் ஏழே மாதத்தில் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டான். சொந்தப் பிள்ளை மாதிரி வைத்திருந்தேன், நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். இப்போது சான்றிதழ் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறான். பாண்டு செல்லும் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதே! செக்கை பேங்கில் போட்டு, போலீஸிலும் புகார் கொடுக்கலாமா?

பதில்: அவர் சொல்லாமல் போனது உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று புரிகிறது. ஆனால் வழக்கில் அதற்கு இடமில்லை. பிள்ளை மாதிரி நடத்தினீர்களா என்று எந்த நீதிபதியும் கேட்கப்போவதில்லை. அவர் போனதால் உங்களுக்கு எவ்வளவு நஷ்டம், அதற்கு என்ன ஆதாரம் என்றுதான் கேட்பார்.

நீங்கள் சொல்லும் தீர்ப்பு 2025 மே மாதம் வந்த விஜயா பேங்க் வழக்கு. அங்கேயும் தொகை 2 லட்சம்தான், அதனால்தான் பலர் அதை அப்படியே பிடித்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த ஊழியர் சீனியர் மேனேஜர். விளம்பரம், போட்டித் தேர்வு என்று நீண்ட நடைமுறையில்தான் ஆள் எடுக்க முடிகிற பொதுத்துறை வங்கி அது. அவருடைய பதவிக்கும் சம்பளத்துக்கும் அந்தத் தொகை அதிகமில்லை என்பதையும் நீதிமன்றம் பார்த்தது. உங்கள் ஃப்ரெஷருக்கு 2 லட்சம் என்பது 11 மாதச் சம்பளம். பாண்டு போடலாம் என்பதற்கு அந்தத் தீர்ப்பு உதவும். எழுதிய தொகை முழுவதும் கிடைக்கும் என்பதற்கு உதவாது. ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவின்படி பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அவ்வளவுதான் கிடைக்கும்.

உங்கள் கையில் கணக்குக் காட்டக்கூடியது அந்த 46,000 மட்டும்தான், அதுவும் பில் இருந்தால். 24 மாதத்தில் 7 மாதம் அவர் வேலை பார்த்துவிட்டார். மீதி 17 மாதத்துக்குக் கணக்குப் போட்டால் 32,500 ரூபாய் சொச்சம் வரும். கேம்பஸுக்கு அலைந்த செலவு, ஆபீஸில் சீனியர்கள் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த நேரம் என்று சொல்வீர்கள். அந்த 7 மாதத்தில் அவர் செய்த வேலைக்கு வாடிக்கையாளரிடம் பில் போட்டீர்களா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். அங்கே அந்த வாதம் நின்றுவிடும்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. உங்கள் அலமாரியில் இருக்கும் அந்தச் சான்றிதழ்.

வர வேண்டிய பணத்துக்காக அடுத்தவர் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமையைச் சட்டம் சிலருக்குத்தான் தந்திருக்கிறது. முதலாளி அந்தப் பட்டியலில் இல்லை. ஃபீஸ் தராத கட்சிக்காரரின் வழக்குக் கட்டை வக்கீல்கள்கூடப் பிடித்து வைக்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2000-லேயே சொல்லிவிட்டது. பாண்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன் என்பீர்கள். அதை நம்பிக் கோர்ட்டில் நிற்க முடியாது என்பதே என் கருத்து. நோட்டீஸ் வந்த பிறகும் கொடுக்காமல் இருந்தால், நம்பி ஒப்படைத்த பொருளைத் தர மறுத்ததாக அவர் போலீஸுக்குப் போகலாம். புது வேலையில் ஒரிஜினல் காட்ட முடியாமல் வேலை போனால், நஷ்டஈடு கேட்டு அவரே வழக்குப் போடுவார். இன்று பணம் வர வேண்டியவர் நீங்கள், அன்று பணம் கட்ட வேண்டியவராக நிற்பீர்கள்.

செக் விஷயமும் அப்படித்தான். என் கட்சிக்காரர் ஒருவர் இதே மாதிரி இடையில் போன ஒரு பெண் ஊழியரின் செக்கில் முழுத் தொகையை எழுதி, பவுன்ஸ் ஆனதும் செக் பவுன்ஸுக்கான 138-வது பிரிவில் (மாற்றுமுறை ஆவணச் சட்டம்) வழக்குப் போட்டார். கையெழுத்து ஒப்புக்கொள்ளப்பட்டதால் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தார். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல், இந்தத் தேதியில் இவர் உங்களுக்குத் தர வேண்டிய கடன் எது என்று கேட்டார். நஷ்டஈடு என்பது கோர்ட் தீர்மானிக்கும் வரை கடன் ஆகாது. மூன்று வருடம் நடந்து, அந்தப் பெண் விடுதலை ஆனார். பிடித்து வைத்த சான்றிதழுக்காக அந்தப் பெண்ணின் அப்பா கொடுத்த புகாருக்கு என் கட்சிக்காரர் ஸ்டேஷனுக்கு அலைந்ததுதான் மிச்சம். அதற்குப் பிறகு கேம்பஸுக்குப் போன இடத்தில் கல்லூரி பிளேஸ்மென்ட் அலுவலர் அவரை உள்ளே விடவில்லை. அடுத்த வருடமும் ஃப்ரெஷர்களைத் தேடி நீங்கள் அதே கல்லூரிகளுக்குத்தான் போக வேண்டும்.

போலீஸ் புகார் வேண்டாம். சேரும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் இது சிவில் விவகாரம். சம்பளத்தை இன்றே போட்டுவிடுங்கள். ராஜினாமா செய்தவருக்கு இரண்டு வேலை நாட்களுக்குள் தர வேண்டும் என்கிறது ஊதியச் சட்டத் தொகுப்பு. புதுக் கம்பெனிக்கு மெயில் அனுப்பும் எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசம் பேசுங்கள். சான்றிதழை ஒப்புகைச் சீட்டுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், செக்கை ரத்து செய்து திருப்பிக் கொடுங்கள். பயிற்சி பில்லின் நகலோடு 30,000 ரூபாய் கேளுங்கள். ரிலீவிங் லெட்டர் தருகிறேன் என்று சொன்னால் பெரும்பாலும் தவணையிலாவது கட்டிவிடுவார்கள், அவர்களுக்கும் அது தேவை. இனி ஒருவர் மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று இருவரும் எழுதிக் கையெழுத்திடுங்கள். மற்ற 10 பேரின் ஒரிஜினல்களையும் செக்குகளையும் இந்த வாரமே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்த பேட்சுக்கான பாண்டில், உண்மையில் கட்டிய பயிற்சிச் செலவை மட்டும் எழுதி, வேலை பார்க்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் தொகை குறையும்படி வையுங்கள். பயிற்சி நிறுவனத்தின் பில் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக இருக்கட்டும்.

அவர் 30,000-க்கும் ஒத்துவரவில்லை என்றால் வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. பில்லோடும் தபால் ஒப்புகைச் சீட்டோடும் அப்போது வாருங்கள். சான்றிதழை இன்னும் கையில் வைத்துக்கொண்டு வந்தால் அந்த வழக்கை நான் எடுக்க மாட்டேன்.