கார்புரேட்டரின் சுருதி

அன்புள்ள ஐயா,

நான் இங்கிலாந்தில், கென்ட்டில் இருக்கிறேன். 1962இல் வந்த லோட்டஸ் செவன் என்கிற சின்னத் திறந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். கிட்டாக வாங்கி யாரோ வீட்டில் வைத்துப் பூட்டிய வண்டி. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு கணம் திணறுகிறது. இரண்டு கார்புரேட்டரையும் தூக்கிப் போட்டுவிட்டு இன்ஜெக்‌ஷன் மாட்டலாம் என்கிறார் மெக்கானிக். மழைக்கூரை ஒழுகுகிறது. மனைவி ஒருமுறை வந்ததோடு சரி. விற்றுவிடலாமா?

க.

அன்புள்ள க.,

கூரை ஒழுகத்தான் செய்யும். ஒரு துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கார்புரேட்டரைத் தூக்கிப் போடுவதா? படித்ததும் கோபம் வந்தது. உங்கள் வண்டியில் இருக்கும் எஸ்யூ கம்பெனி கார்புரேட்டரின் தலையில் ஒரு சின்ன மூடி இருக்கிறதே, அதை ஒருநாளாவது திருகிப் பார்த்தீர்களா? கையாலேயே வரும். கூடவே ஒரு மெல்லிய கம்பியும் வரும். அது ஆயிலில் நனைந்திருக்க வேண்டும். ஆயில் வற்றிவிட்டால், மிதித்தவுடன் உள்ளே இருக்கும் பிஸ்டன் சட்டென்று மேலே எழும்பிவிடும். காற்று கூடிப்போய், பெட்ரோல் போதாமல் இன்ஜின் திணறும். இரண்டு ஸ்பூன் ஆயிலில் தீரக்கூடிய காரியம். முதலில் அதை ஊற்றுங்கள். அப்புறம் பேசலாம்.

அது யாருடைய வண்டி என்று நினைத்துப் பாருங்கள். அன்றைய பிரிட்டனில் முழுக் காருக்குப் பர்ச்சேஸ் டாக்ஸ் உண்டு. பாகங்களாக வாங்கி நாமே பூட்டினால் கிடையாது. லோட்டஸைத் தொடங்கிய காலின் சாப்மன் 1957இலிருந்து செவனை அப்படித்தான் விற்றார். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி விழும் என்பதால் கழற்றும் முறையை அச்சிட்டுக் கொடுத்தார்கள், வாங்கியவர்கள் அதைக் கடைசியிலிருந்து படித்துப் பூட்டினார்கள் என்று சொல்வார்கள். 1973இல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. உங்கள் கராஜில் நிற்பது, சம்பளக்காரர் ஒருவர் ராத்திரி கண்விழித்துத் தன் கையால் முடுக்கிய வண்டி. அதில் நீங்கள் ஒரு மூடியைக்கூடத் திறக்கவில்லை.

லண்டனில் ஹைகேட் முருகன் கோயிலுக்குப் போயிருப்பீர்கள். அங்கிருந்து இரண்டு மைல்கூட இருக்காது, லோட்டஸ் பிறந்த ஹார்ன்சி. நாங்கள் அந்தப் பக்கம் குடியிருந்தபோதுதான் என் செவனை வாங்கினேன். ரெட்டைக் கார்புரேட்டரில் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்க வேண்டும். ஒரு ரப்பர் குழாயின் முனையை ஒன்றின் வாயில் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்தால் உஸ்ஸென்று கேட்கும். அடுத்ததிலும் அதே உஸ் வரும்வரை ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். ஒன்றைத் தொட்டால் மற்றது மாறும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூராவும் போராடினேன், பிடிபடவில்லை. காப்பி கொண்டுவந்த என் மனைவி குழாயை வாங்கிக் காதில் வைத்தாள். சின்ன வயதிலிருந்து தம்புரா மீட்டியவள். "இடது பக்கம் கொஞ்சம் மேலே நிக்குது, இறக்குங்க" என்றாள். இறக்கினேன். "இன்னும்." தம்புராவில் மணியை நகர்த்துகிற மாதிரி, ஒரு மயிரிழை. "போதும்." அந்த நொடியில் இன்ஜினின் நடுக்கம் அடங்கியது. பானட்டின் மேல் வைத்திருந்த காப்பி டம்ளர் கிணுகிணுப்பதை நிறுத்தியது.

அன்று சாயங்காலமே கோயிலுக்குக் கிளம்பினோம். அரை டன்கூட இல்லாத வண்டி. உட்கார்ந்தபடியே கையைத் தொங்கவிட்டால் ரோட்டைத் தொடலாம். மேட்டில் ஏறும்போது அவள் கண்ணை மூடிக்கொண்டு இன்ஜினையே கேட்டுக்கொண்டு வந்தாள். அதற்கு முன்னால் அவளும் ஒருமுறை வந்ததோடு நிறுத்தியவள்தான்.

உங்கள் மனைவியைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்துக் குளிரில் நடுங்கவிட்டிருக்கிறீர்கள். எப்படித் திரும்ப வருவார்? குழாயை அவர் கையில் கொடுங்கள். பாட்டுத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, காது போதும்.

ஆயில் ஊற்றியதும் திணறல் நின்றதா என்று எழுதுங்கள்.