சீட் உயரம் ஒன்றாக இருந்தும் மவுண்டன் பைக்கில் மட்டும் முழங்கால் வலிப்பது பற்றி

ரோடு சைக்கிள், மவுண்டன் பைக் இரண்டிலும் சீட் உயரம் 72 செ.மீ., ஆனால் மவுண்டன் பைக்கில் மட்டும் முழங்கால் வலிக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் உயரத்தை விட்டுவிட்டு, சீட் எவ்வளவு முன்னால் நிற்கிறது என்பதைச் சரிசெய்யுங்கள்.

ரோடு சைக்கிளில் சீட் குழாய் (சீட்டைத் தாங்கும் சட்டகக் குழாய்) தரையோடு அமைக்கும் கோணம் ஏறத்தாழ 73 பாகை. புதிய மவுண்டன் பைக்குகள் பலவற்றில் அது 76 பாகையாகவோ அதற்கு மேலாகவோ இருக்கிறது. குழாய் நிமிர நிமிர, உங்கள் சீட் உயரத்துக்குப் பாகை ஒன்றுக்குச் சுமார் 12 மி.மீ. வீதம் சீட் முன்னே வந்துவிடுவதால், முழங்காலின் முன்புறத்தில் சுமை கூடியிருக்கலாம்.

நூலில் ஒரு நட்டைக் கட்டிச் சீட்டின் மூக்கிலிருந்து தொங்கவிட்டு, அது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) சுழலும் அச்சுக்கு எத்தனை மி.மீ. பின்னால் விழுகிறது என்று இரண்டிலும் அளந்து பாருங்கள். வேறுபாட்டில் பாதியளவு மட்டும் சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, சில நாள் ஓட்டிய பிறகு மீதியை முடிவு செய்யுங்கள். சீட்டின் அடியிலுள்ள கம்பியில் குறித்துள்ள எல்லைக்கோட்டைத் தாண்ட வேண்டாம்; பின்னுக்குத் தள்ளியதும் உயரத்தை மீண்டும் 72-க்குக் கொண்டுவாருங்கள். மவுண்டன் பைக்கின் கிராங்க் நீளம் 175 மி.மீ., ரோடு சைக்கிளுடையது 170 என்றால் மவுண்டன் பைக்கின் சீட்டை மேலும் 5 மி.மீ. இறக்குங்கள்.

ஹேண்டில்பாரையும் ரோடு சைக்கிளுக்குச் சமமாக்க முயல வேண்டாம். அகலமான பாரும் அதை வண்டியோடு இணைக்கும் குட்டையான ஸ்டெம்மும் கரடான இறக்கத்தில் வண்டியை அடக்குவதற்காகவே வைக்கப்பட்டவை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சீட் அதிகம் பின்னால் போனால், செங்குத்தான ஏற்றத்தில் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும்.