உளுத்த ஓரத்தோடு ஒரு தேக்குப் பலகை

கேள்வி: செங்கோட்டையில் இருக்கிறோம். புனலூர்ப் பக்கம், பிரித்த வீட்டு மரம் விற்கும் கடையில் ஒரு தேக்குப் பலகைக்கு முன்பணம் கொடுத்திருக்கிறேன். 6 அடி நீளம், 12 அங்குல அகலம், 2 அங்குல கனம். நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு, ஏழெட்டு ஆணி ஓட்டை, வெளுத்த ஒரு ஓரத்தில் ஊசித்துளைகள். "பழைய உளுதான், இனி ஒன்றும் ஆகாது" என்கிறார் கடைக்காரர். கூடத்துச் சுவரில் அலங்காரமாக மாட்ட ஆசை. முழுக்க இழைத்து, வெடிப்பில் எபாக்ஸி (ஊற்றினால் இறுகிவிடும் பிசின்) ஊற்றலாம் என்கிறார் ஆசாரி. சரிப்படுமா?

பதில்: மிச்சப் பணத்தைக் கொடுக்கும் முன் அந்த வெளுத்த ஓரத்துக்கு வழி செய்யுங்கள். வெடிப்பையும் ஆணி ஓட்டையையும் நான் குறையாகவே எண்ணமாட்டேன்.

மரத்தின் உட்பகுதி வைரம், பட்டையை ஒட்டிய வெளிர் பகுதி வெள்ளை. உளுவண்டுக்கு வேண்டிய மாவுச்சத்து வெள்ளையில்தான் இருக்கிறது. தேக்கின் வைரத்தை அது பெரும்பாலும் தொடாது. துளையைப் பார்த்து மட்டும் பழசு என்று சொல்லிவிட முடியாது, புழு ஓராண்டுகூட உள்ளே இருக்கும். அதனால் கடையிலேயே வெள்ளையை அறுத்தெடுக்கச் சொல்லி, மிஞ்சியதற்கு மட்டும் விலை பேசுங்கள். நீளத்தை அடியிலும் மற்ற இரண்டை அங்குலத்திலும் வைத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி. இப்போது சரியாக 1 கன அடி. அகலத்தில் 2 அங்குலம் போனால் 0.83 தான்.

வீட்டுக்கு வந்ததும் மாட்டிவிடாதீர்கள். திண்ணையில் கறுப்புத் துணி விரித்து அதன்மேல் சில வாரம் கிடக்கட்டும். மாவு போல் புதுப்பொடி விழுந்தால் உள்ளே உயிர் இருக்கிறது, மற்ற சாமான்களுக்கும் பரவும்.

வெடிப்பில் எபாக்ஸி வேண்டாம் என்பது என் எண்ணம். உங்கள் ஊரில் ஆடிச் சாரலில் மரம் அகலவாக்கில் உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். எபாக்ஸி அப்படி அசையாது, நாளடைவில் ஓரம் விட்டுவிடலாம். அதற்குப் பதிலாக, இரு முனையும் அகன்று இடை ஒடுங்கிய உடுக்கை வடிவக் கட்டைகள் இரண்டு மூன்றை வெடிப்பின் குறுக்கே பதிக்கச் சொல்லுங்கள். வெடிப்பு அதற்குமேல் விரியாது, பார்க்கவும் அவ்வளவு அழகு! அயினி மரத்தில் செய்தால் நிற வேறுபாடு தெரியும்.

அப்புறம், முழுக்க இழைப்பது. பலகையின் வயது அந்த மேல்தோலில்தான் இருக்கிறது. ஆணியைச் சுற்றிய கறுப்பு, இரும்புத்துருவும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்து உண்டானது. அதைச் சுரண்டினால் புதுப் பலகை வாங்கியது போலத்தான். உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து எண்ணெய் பூசினால் போதும். கருவி படும் முன் காந்தத்தை ஓட்டி, ஒடிந்த ஆணி உள்ளே இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

ரசீதில் "பழைய வீட்டுத் தேக்கு", அளவு, "உளு இல்லை" என்ற மூன்றும் எழுதி வாங்குங்கள். தேக்கு மாநில எல்லை தாண்டுகிறது; அனுமதிச்சீட்டு வேண்டுமா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டு வண்டி ஏற்றுங்கள். பின்னால் தகராறு வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். கடை கேரளத்தில் இருந்தாலும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, 2 ஆண்டுக்குள் வழக்குப் போடலாம்.