கிழிந்த கொடி, அப்பாவின் தொப்பி: வாசகர் கேள்விகள்

ஜனவரி வந்துவிட்டால் கொடியைப் பற்றியும் தொப்பியைப் பற்றியும்தான் அதிகம் கேட்கிறீர்கள். போகி, முன்னாள் படைவீரர் தினம், குடியரசு தினம் எல்லாம் ஒரே மாதத்தில் வருவதால் இருக்கலாம்.

2022 ஆகஸ்டில் மொட்டை மாடியில் கட்டிய கொடி வெளுத்து, ஓரம் நார்நாராகிவிட்டது. போகி அன்று பழைய சாமான்களோடு எரித்துவிடலாமா?

எரிக்கலாம். ஆனால் போகிக் குப்பையோடு வேண்டாம். 2002 ஜனவரி 26 முதல் நடப்பில் உள்ள தேசியக் கொடி விதிகளின்படி, கிழிந்த, அழுக்கடைந்த கொடியை முழுதாக, தனிமையில், எரித்தோ அதன் மதிப்புக்குக் குறைவில்லாத வேறு வழியிலோதான் அகற்ற வேண்டும். முழுதாக என்பதால் நிறம் நிறமாகக் கத்தரிக்கக் கூடாது. வண்டி துடைக்க எடுக்கவே கூடாது. தனிமையில் என்பதால் பாயும் டயரும் எரிகிற தெருமுனை அதற்கு இடமில்லை. நாலு பேர் பார்க்கக் கொடியை எரிப்பது, தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்கும் 1971 சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். செல்போனில் வீடியோவும் வேண்டாம்.

முதலில் மடியுங்கள். கொடியைப் படுக்கையாக விரித்து, காவியையும் பச்சையையும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் மடக்குங்கள். பிறகு இரண்டு பக்கமும் நடுவை நோக்கி மடித்துக்கொண்டே வந்தால் சக்கரம் மேலே நிற்கும். இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி எடுத்துப் போங்கள். கதர் கொடி என்றால் கொல்லைப்புறத்தில் சுத்தமான இரும்புச் சட்டியில் வைத்து, சாம்பலாகும் வரை பக்கத்திலேயே நில்லுங்கள். சாம்பலைச் செடிக்கடியில் புதைக்கலாம்.

உங்களுடையது பெரும்பாலும் பாலியஸ்டராக இருக்கும். 2021 டிசம்பர் திருத்தத்துக்குப் பிறகுதான் அந்தத் துணிக்கு அனுமதி வந்தது. அது சாம்பலாகாது, உருகிச் சொட்டும். ஒருமுறை எரித்துப் பார்த்தேன். கரும்புகை எழுந்து, சக்கரம் இருந்த இடம் கறுப்புக் கட்டியாகிச் சட்டியில் ஒட்டிக்கொண்டது. கத்தியால் சுரண்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கேட்பதில்லை. அதற்கப்புறம் பாலியஸ்டர் கொடியை மரப்பெட்டியில் வைத்து, யார் காலும் படாத இடத்தில் ஆழமாகப் புதைத்துவிடுகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ராணுவத்தில் நாயக்காக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பள்ளிக் கொடியேற்றத்துக்குக் கோட்டும் பெரே தொப்பியுமாகப் போகிறேன். சல்யூட் அடிக்கலாமா?

சீருடையில் இருப்பவர்கள் சல்யூட் அடிக்க வேண்டும், மற்ற எல்லோரும் கொடியைப் பார்த்து அசையாமல் நிற்க வேண்டும் என்பதே விதி. கோட்டு சீருடை ஆகாது. ஆகவே சாவ்தானில் (அட்டென்ஷனில்) நின்றாலே போதும், அதில் ஒரு குறையும் இல்லை. தலையில் ரெஜிமெண்ட் தொப்பியும் நெஞ்சில் பதக்கமும் இருக்கும்போது பழக்கத்தில் கை உயர்ந்தால் அதை நான் தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் தொப்பி இல்லாத வெறும் தலையோடு சல்யூட் கிடையாது. அது உங்களுக்கே தெரியும்.

தொப்பியைச் சரியாக வையுங்கள் அண்ணே. சின்னம் இடது கண்ணுக்கு நேர் மேலே இருக்கட்டும், துணி வலது காதுப் பக்கம் படிந்து விழட்டும். பயிற்சியில் புதுத் தொப்பியை வெந்நீரில் நனைத்து, தலையிலேயே காயவைத்து வடிவம் கொண்டுவரச் சொன்ன உஸ்தாத்தின் (பயிற்சியாளரின்) கை இன்னும் என் நெற்றியில் இருக்கிறது. சாப்பாட்டுப் பந்தியிலும் கோயிலுக்குள்ளும் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாறுவேடப் போட்டிக்கு மகனுக்குத் தாத்தாவின் தொப்பியும் பதக்கங்களும் போட்டு அனுப்பலாமா?

ராணுவத்தான் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு அந்த உடை போடுவதுதான் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-வது பிரிவின்படி குற்றம். குழந்தையின் மாறுவேடம் அதில் வராது. ஆனாலும் பதக்கங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அவை தாத்தா உழைத்து வாங்கியவை. நினைவிடத்தில் அஞ்சலிக்குப் போகும்போது வீட்டார் அணியலாம், அப்போதும் வலது மார்பில்தான். இடது மார்பு வாங்கியவருக்கு மட்டும்.

காரில் கொடி கட்டலாமா?

வேண்டாம். குடியரசுத் தலைவர், ஆளுநர், அமைச்சர், நீதிபதி என்று சில பதவிகளில் இருப்பவர்களுக்கே அந்த உரிமை. வீட்டில் ஏற்றுங்கள். 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு திறந்த வெளியிலும் வீட்டிலும் இரவு பகலாகவே பறக்கலாம்.

ஹவில்தாராக ஓய்வுபெற்ற அப்பா இறந்தபோது, நாங்களே கடையில் கொடி வாங்கிப் போர்த்தினோம். தவறு என்று உறவினர் ஒருவர் சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அவர் சொன்னது சட்டப்படி சரி. அரசு மரியாதை, முப்படை, துணை ராணுவப் படை இறுதிச் சடங்குகளில் மட்டும்தான் உடல்மேல் கொடி போர்த்தலாம். ஆனால் நீங்கள் செய்தது அவமதிப்பதற்காக இல்லை, அப்பாமேல் இருந்த பாசத்தால். அதற்காக உங்களை வருத்திக்கொள்ளாதீர்கள்.

மற்றவர்களுக்கு இதைச் சொல்கிறேன்: முன்னாள் படைவீரர் ஒருவர் இறந்தால், கடைக்கு ஓடுமுன் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போன் போடுங்கள். என்ன மரியாதை கிடைக்கும் என்று அவர்கள் சொல்வார்கள். முறைப்படி போர்த்தும்போது காவி தலைப்பக்கம் வரும். குழியில் இறக்குவதற்கு முன், சிதைக்குத் தீ வைப்பதற்கு முன், கொடியை எடுத்துவிட வேண்டும். உடலோடு சேர்ந்து அது மண்ணுக்குள்ளும் போகக் கூடாது, நெருப்பிலும் வேகக் கூடாது. மடித்து மனைவி கையிலோ பிள்ளை கையிலோ கொடுப்பார்கள்.

நீங்கள் போர்த்திய கொடியை எடுத்து வைத்திருந்தால், மடித்து, அப்பாவின் தொப்பியோடு கண்ணாடி போட்ட அலமாரியில் வையுங்கள். வெயில் நேராகப் படாத சுவராகப் பாருங்கள்.