காய்ச்சல் இறங்காத பூனைக்குட்டி: கேள்வி பதில்

22 வருஷமாக இலங்கை மலையகத்தில் கால்நடை வைத்தியம் பார்க்கிறேன். மாடு, ஆடுதான் முக்கால்வாசி வேலை. ஆனால் என்னிடம் அழுதுகொண்டு வருபவர்கள் பெரும்பாலும் பூனைக்குட்டியோடு வருகிறார்கள். அதனால் இன்றைக்கு இரண்டு வயதுக்குக் குறைந்த பூனைகளைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேட்டவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கொட்டகலை: டொக்டர், எங்கள் ஆண் பூனைக்கு எட்டு மாதம். பத்து நாளாகக் காய்ச்சல். இரண்டு தடவை ஊசி போட்டும் இறங்கவில்லை. முதுகெலும்பு தெரிகிறது, வயிறு மட்டும் பெருக்கிறது. பூச்சி மருந்தும் கொடுத்தாயிற்று. என்ன நோய் என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நீங்கள் எழுதியதிலேயே பாதி பதில் இருக்கிறது. இளம் பூனை, ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத காய்ச்சல், உடம்பு மெலிய மெலிய வயிறு பெருப்பது. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் முதலில் நினைப்பது எஃப்.ஐ.பி. (Feline Infectious Peritonitis) என்கிற பூனை நோயை.

பூனைகளுக்கென்றே ஒரு கொரோனா வைரஸ் இருக்கிறது, இந்த நோய் அதனால்தான் வருகிறது. மனிதருக்கு வந்த கோவிட் வேறு, இது வேறு. உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ இது ஒட்டாது. நிறையப் பூனைகளின் குடலில் அது சும்மா இருந்துவிட்டு, லேசான வயிற்றுப்போக்கோடு போய்விடும். ஒரு சில பூனைகளின் உடம்புக்குள் மட்டும் அது உருமாறி இரத்த நாளங்களைத் தாக்குகிறது. அப்போது நாளங்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலோ நெஞ்சிலோ தேங்கும். நீர் தேங்காத வகையும் உண்டு. அது கண்ணையும் மூளையையும் பிடிக்கும்.

டொக்டரிடம் போய் அந்த வயிற்று நீரைக் கொஞ்சம் ஊசியால் எடுக்கச் சொல்லுங்கள். வைக்கோல் நிறத்தில், விரலில் தொட்டால் முட்டை வெள்ளைக்கரு போல இழுபட்டால் சந்தேகம் கூடும். அப்புறம் ஒரு சின்னச் சோதனை. கண்ணாடிக் குழாயில் காய்ச்சி வடித்த நீர், அதில் ஒரு துளி அசெட்டிக் அமிலம், அதன் மேல் வயிற்று நீரில் ஒரு துளி. துளி கரைந்து போய்விட்டால் பெரும்பாலும் எஃப்.ஐ.பி. இல்லை. கரையாமல் ஜெலி மாதிரி மிதந்தாலோ மெதுவாக அடிக்கு இறங்கினாலோ சந்தேகம் பலப்படுகிறது. வேறு சில நோய்களிலும் இப்படி வரும் என்பதால், இரத்தத்தில் அல்புமின், குளோபுலின் என்ற புரதங்களின் அளவையும் பார்க்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கால்நடைப் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடிந்தால் போங்கள்.

ஒரு காலத்தில் இந்த நோய் என்றாலே சாவுதான். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் ஜி.எஸ். 441524 என்ற மருந்தை 31 பூனைகளுக்குக் கொடுத்துப் பார்த்து, அந்த ஆய்வை 2019இல் வெளியிட்டார்கள். 26 பூனைகள் 12 வாரச் சிகிச்சையை முடித்தன. இன்று 84 நாள் சிகிச்சை என்பது உலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். மருந்து எப்படிக் கிடைக்கும் என்பதை உங்கள் டொக்டரிடமே கேளுங்கள். முகம் தெரியாதவரிடம் வாங்கி நீங்களாக ஊசி போடாதீர்கள்.

தலவாக்கலை: காய்ச்சலுக்குப் பாதி பனடோல் (பாரசிட்டமோல்) கொடுக்கலாமா?

கூடாது. கால் பங்கும் கூடாது. மனிதருடைய ஈரல் பனடோலை உடைத்து வெளியே தள்ளும் வழி பூனையின் ஈரலில் கிட்டத்தட்ட இல்லை. போன மழைக்காலத்தில் ஒரு அம்மா கொழுந்துக் கூடைக்குள் சாக்கு விரித்து ஒரு குட்டியைக் கொண்டுவந்தார். முகமும் முன்கால்களும் வீங்கியிருந்தன. உதட்டைத் தூக்கினேன், ஈறு மண்ணிறம். இரத்தம் எடுத்தால் சாயத்தண்ணி நிறத்தில் வந்தது. முதல் நாள் இரவு ஒரு வில்லை கொடுத்திருக்கிறார், பாசத்தில்தான். குட்டி பிழைக்கவில்லை. இதற்கு விஷமுறிவு மருந்து உண்டு, ஆனால் சில மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தெரியாமல் கொடுத்துவிட்டால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்.

நுவரெலியா: தோட்டத்தில் வெள்ளை லில்லிப் பூவைக் கடித்துவிட்டு வாந்தி எடுக்கிறது.

எந்த லில்லி? நம் ஓடைக்கரைகளில் புனல் போல ஒற்றை இதழ் சுருண்டு நடுவில் மஞ்சள் தண்டோடு நிற்பது என்றால் வாய் எரியும், எச்சில் வடியும், பெரும்பாலும் தேறிவிடும். பூக்கடையில் விற்கிற, ஆறு இதழும் மகரந்தப் பொடியும் உள்ள உண்மையான லில்லி என்றால் இந்தப் பதிலைப் படித்து முடிக்காமல் கிளம்புங்கள். மேலில் ஒட்டிய பொடியை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பூவையும் கையோடு கொண்டுபோங்கள்.

மஸ்கெலியா: மூன்று வாரக் குட்டி, சில்லென்று கிடக்கிறது. பசும்பால் ஊட்டுகிறோம், குடிக்கவில்லை.

ஊட்டுவதை நிறுத்துங்கள். குளிர்ந்த குட்டிக்குப் பால் செரிக்காது, நுரையீரலுக்குள் போய்விடும். வெந்நீர் போத்தலைத் துணியில் சுற்றி அணைத்து வைத்து, மெதுவாகச் சூடேற்றுங்கள். சூடு வந்த பிறகுதான் பால். பசும்பால் வயிற்றைக் கெடுக்கும், குட்டிகளுக்கான பால்மா தேடுங்கள்.

வெலிமடை: ஆட்டுக்கு வயிறு ஊதியிருக்கிறது.

அவசரம் அது. உங்கள் பிரதேச அரச கால்நடை வைத்தியரை இப்போதே கூப்பிடுங்கள்.

பதுளை: இங்கிலீஷ் மருந்தெல்லாம் விஷம் என்று நீங்களே சொல்கிறீர்கள். எங்கள் பாட்டி பூண்டைத் தட்டிச் சோற்றில் பிசைந்து கொடுப்பார். எந்தப் பூனைக்கும் ஒன்றும் ஆகவில்லை.

பூண்டும் வெங்காயமும் பூனைக்கு ஆகாது, வேகவைத்தாலும் ஆகாது. இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

ஹாலிஎல: பதுளைக்காரர் சொல்வது சரி. எங்கள் லயத்திலும் பூண்டுதான். டொக்டர்மார் கைவைத்தியத்தை மதிப்பதில்லை.

அப்புத்தளை: எங்கள் பூனை பூண்டு தின்றே ஐந்து வருஷம் இருந்தது.

மூன்று பேர் ஆகிவிட்டதால் விவரமாகச் சொல்கிறேன். பூனையின் ஹீமோகுளோபினில் இப்படிப்பட்ட பொருட்கள் தாக்குவதற்கு இடங்கள் அதிகம். மற்றப் பிராணிகளுக்கு இரண்டு முதல் நான்கு, பூனைக்கு எட்டு. ஒரு பூனை கொஞ்சம் தின்று தப்பலாம், அதைப் பொய் என்று சொல்லவில்லை. ஆனால் சேதம் தெரிய இரண்டு மூன்று நாள், சில நேரம் ஐந்து நாள் ஆகும். திங்கட்கிழமை கொடுத்த பூண்டையும் வெள்ளிக்கிழமை வெளுத்துப் போன ஈறையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. 'என்ன நோயென்றே தெரியாமல் செத்துப்போச்சு' என்று வருகிறவர்களிடம் நான் ஒரு வாரச் சாப்பாட்டைக் கேட்பது இதனால்தான். வெங்காயம் போட்ட கறிக்குழம்புச் சோறும் இதில் சேர்த்தி.

கைவைத்தியத்தை மதிக்கிறேன். மஸ்கெலியாவுக்குச் சொன்ன வெந்நீர் போத்தல் வைத்தியத்தை என் பாட்டியும் செய்தார், அடுப்படியில் சாக்கு விரித்து. அது குட்டிகளைக் காப்பாற்றியது. பூண்டு அப்படியில்லை.

பதுளை: அப்போ பாட்டியின் பூனைகள் எப்படிச் செத்தன என்று யாரும் பார்க்கவில்லை என்கிறீர்களா?

ஆமாம். பார்த்திருந்தால் முதலில் நிறுத்தியிருப்பவர் அவர்தான்.

பொகவந்தலாவ: குழந்தைகளுக்குக் கொடுக்கும் பனடோல் சிரப் என்றால் பரவாயில்லையா?

அதுவும் பனடோல்தான். கொடுக்காதீர்கள்.

ஹட்டன்: ஒரு வயதுப் பூனை இரண்டு நாளாக மூலையில் ஒளிந்திருக்கிறது, எச்சில் வடிகிறது. நேற்று மகளின் கையைக் கடித்துவிட்டது. வாயில் புண்ணா?

பூனையை விடுங்கள், முதலில் மகள். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, இன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். விசர்நோய் (ரேபிஸ்) பூனைக்கும் வரும். வாயைத் திறந்து பார்க்கிறேன் என்று யாரும் கையை விடாதீர்கள். பூனையை ஒரு அறையில் அடைத்து வைத்துவிட்டு டொக்டருக்குச் சொல்லுங்கள். புண்ணாகவே இருக்கலாம், ஆனால் அதை நம்பி ஒரு நாளைக் கடத்த முடியாது.

நானுஓயா: நாட்சம்பளத்தில் இருக்கிறோம். எல்லா டெஸ்ட்டும் எடுக்க முடியாது. காசில்லாமல் என்ன செய்யலாம்?

நல்ல கேள்வி. பூனை தூங்கும்போது ஒரு நிமிஷத்தில் எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள், 30க்கு மேலே போனால் கவனம். உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள்: ரோஸ் நிறம் சரி, வெளுப்பு இரத்தக் குறைவு, மஞ்சள் காமாலை. நாக்குக்கு அடியில் தையல் நூல் சுற்றியிருக்கிறதா பாருங்கள், இருந்தால் இழுக்காதீர்கள், குடல் கிழியும். ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அன்றைக்கே போக வேண்டும். தெள்ளு இருக்கிறதா, என்ன தின்றது, மருந்தடித்த மரக்கறித் தோட்டத்துக்குப் போனதா. எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். அந்தத் தாள் இருந்தால் பாதி டெஸ்ட் எனக்குத் தேவைப்படாது.

இராகலை: காய்ச்சலுக்குப் பனடோல் தவிர டிஸ்பிரின்?

டொக்டர் எழுதித் தராத எந்த மனித மாத்திரையும் வேண்டாம். இதற்கு மேல் மாத்திரைக் கேள்விகளுக்குப் பதில் எழுத மாட்டேன்.

கொட்டகலை: டொக்டர், பத்து மணிக்கே கொண்டுபோய்விட்டோம். நீர் மஞ்சள், இழுபடுகிறது. துளி கரையவில்லை, புகை மாதிரி வளைந்து அடிக்கு இறங்கியது. நாளை பேராதனை. போவதற்குள் என்ன செய்ய?

மூச்சு வாங்கினால் ஒழிய வயிற்று நீரை முழுக்க எடுக்கச் சொல்லாதீர்கள். மீனை அவித்து, உப்பில்லாமல், கைச்சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கூடையில் துணி போட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு போங்கள். இன்றிரவே தராசில் எடை பார்த்துக் குறித்துவையுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, தேறத் தேற எடை ஏறும், ஒவ்வொரு வாரமும் மாற்ற வேண்டிவரும். எடையை எனக்கும் எழுதுங்கள்.