மக்காச்சோளம் திட்டுத் திட்டாக முளைப்பது: முதலில் தோண்டிப் பாருங்கள்

வணக்கம். மக்காச்சோளம் விதைத்து 10 நாள் ஆகியும் பாதி வயல் சொட்டையாகக் கிடக்கிறது, விதை மோசமா என்று கேட்டிருந்தீர்கள். விதையைக் குறை சொல்வதற்கு முன் ஒரு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு போய், முளைக்காத இடத்தில் ஐந்தாறு விதைகளைக் கிளறி எடுத்துப் பாருங்கள்.

விதை போட்டபடியே காய்ந்து கிடந்தால் ஈரம் போதவில்லை. லேசாகத் தண்ணீர் விட்டால் இன்னும் வரும். ஊதிப்போய், நசுக்கினால் கொழகொழவென்று நாறினால் தண்ணீர் தேங்கி அழுகிவிட்டது, அது வராது. வெள்ளை முளை சுருண்டு, மண்ணுக்குள்ளேயே இலை விரித்திருந்தால் மேல்மண் பொருக்குக் கட்டி, அதாவது ஓடுபோல இறுகி, முளையை வெளியே விடாமல் தடுத்திருக்கிறது. விதைத்த மறுநாள் பெருமழை, பிறகு நல்ல வெயில் என்று எழுதியிருக்கிறீர்களே, என் சந்தேகம் இதன்மேல்தான். இன்றைக்கே தண்ணீர் தெளித்துப் பொருக்கை இளக்கிவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

முளையும் வேர்நுனியும் கருகியிருந்தால் உரம் விதைமேல் பட்டிருக்கலாம். அடியுரம் விதைக்கு 5 செ.மீ. பக்கவாட்டிலும் 5 செ.மீ. கீழேயும் விழ வேண்டும்.

ஆழத்தையும் அளந்து பாருங்கள். 4 முதல் 5 செ.மீ. சரி. அதைவிட மேலாக, 2 செ.மீ.யில் போட்டாலும் முளைக்கத்தான் செய்யும். ஆனால் செடியைத் தாங்கும் கணுவேர்கள் காய்ந்த மேல்மண்ணில் இறங்க முடியாமல் பயிர் சாயும்.

இடைவெளியில் மறுபடி விதை ஊன்றுவதென்றால் ஓரிரு நாளில் முடித்துவிடுங்கள். பிந்தி வரும் செடி, முந்தியதன் நிழலில் நின்று பெரும்பாலும் கதிரே பிடிக்காது. தோண்டியதில் என்ன கிடைத்தது என்று படத்தோடு எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.